டிரில் முதல் உடற்கல்வி வரை: ஒரு பாடவேளையின் நூறாண்டு

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினர் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். வகுப்பறையை விட்டு வெளியே வந்து வெயிலில் நிற்கும் அந்த ஒரு பாடவேளைக்கு மூன்று தலைமுறையிலும் மூன்று பெயர்கள் வழங்கின. ஜில்லா போர்டு பள்ளியில் படித்த தாத்தாவுக்கு அது 'டிரில்'. அப்பாவுக்கு 'பி.டி. பீரியடு'. நாங்கள் 'விளையாட்டு பீரியடு' என்றோம். பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையிலோ அதன் பெயர் 'உடற்கல்வி'. டிரில் மாஸ்டர் பி.டி. வாத்தியாராகி, பி.டி. வாத்தியார் உடற்கல்வி ஆசிரியரானார். அவர் கழுத்தில் தொங்கிய விசில் மட்டும் மாறவில்லை.

தமிழ் படித்துத் தமிழையே கற்பிப்பவர்களுக்குத் தொழில்வழி வந்த சந்தேகம் ஒன்று உண்டு. ஒரு பொருளுக்கு வழங்கும் சொல் மாறினால் பொருளும் எங்கேயோ மாறியிருக்க வேண்டும் என்பது அது. 'டிரில்' படையின் சொல். 'பயிற்சி' உடலைப் பழக்குவதைக் குறிப்பது. 'விளையாட்டு' மகிழ்ச்சியைச் சார்ந்தது. 'கல்வி' என்று சொல்லிவிட்டால், உடல் வழியாகவும் மனிதன் கற்கிறான் என்பதை ஒப்புக்கொண்டதாகிறது. பெயர்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு, இருபதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்து, பின்னர்த் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்தப் பாடம் படிப்படியாக உயர்ந்துவந்ததாகவே தோன்றும். பெயர் விரிந்துகொண்டே வந்தது உண்மை. அதற்குரிய நேரமும் இடமும் அவ்வாறே விரிந்தனவா என்பதுதான் இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

*

விளையாட்டு நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் மகளிர் பந்தாடுகிறார்கள், கழங்காடுகிறார்கள், மணலில் வண்டல் இழைக்கிறார்கள். கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் சடுகுடுவும் சிலம்பமும் ஊர்தோறும் இருந்தன. ஆனால் அவற்றின் இடம் தெருவும் களத்துமேடும் ஆற்றுமணலும்தான், பள்ளி அன்று. திண்ணைப் பள்ளியில் நாவுக்கும் நினைவுக்கும் வேலை இருந்தது, மணலில் எழுதும் விரலுக்கும் இருந்தது. உடலின் ஏனைய பகுதி அங்கே நினைக்கப்பட்டது தண்டனையின்போதுதான். கோதண்டம், அண்ணாந்தாள், தோப்புக்கரணம் என்று பெயர்பெற்ற தண்டனைகள் எல்லாம் உடலை வருத்துபவை. தவறு செய்த மாணவனை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லும் பிற்கால வழக்கத்தில் அந்தத் திண்ணையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, தொடக்கக் கல்வியைப் பற்றிய தன் பரிந்துரைகளில் நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், பள்ளி டிரில் முதலியவற்றால் பிள்ளைகளின் உடல்வளர்ச்சியை ஊக்குவிக்க வேண்டும் என்று கூறியது. அந்தப் பட்டியலில் நாட்டு விளையாட்டுகளுக்கு இடம் இருந்ததை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் வேர்கொண்டதோ டிரில்தான். காரணம் எளிமையானது. டிரிலுக்குக் கருவி வேண்டாம், செலவு இல்லை, ஒருவர் கட்டளையிட, நூறு பேர் ஒரே நேரத்தில் செய்யலாம், அதிகாரி வந்தால் காட்டுவதற்கும் ஏற்றது.

இந்த டிரிலின் ஊற்று இங்கிலாந்தும் அன்று, ஸ்வீடன். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங் வகுத்த முறை அது. உடற்கூற்றியலை ஒட்டி, ஒவ்வொரு மூட்டையும் தசையையும் தனித்தனியே, எண்ணிக்கைக்கு ஏற்ப இயக்குவது அதன் சாரம். போயர் போருக்கு ஆளெடுக்கப் போன இடத்தில் இளைஞர் பலர் உடல்தகுதி அற்றவர்களாக இருந்தது பிரிட்டனை அதிரவைத்தது. 1904இல் உடல்நலிவு குறித்து ஒரு விசாரணைக் குழுவே அறிக்கை தந்தது. 1909இல் ஆங்கில அரசுப் பள்ளிகளுக்கான பயிற்சித் திட்டம் லிங் முறையைத் தழுவி வெளிவந்தது. அங்கே தொழிலாளர் பிள்ளைகளைப் படைக்கும் ஆலைக்கும் ஏற்றவர்களாக்குவது நோக்கத்தின் ஒரு பகுதி. அந்த முறை நம் போர்டு பள்ளியின் மண்தரைக்கு வந்தபோது நோக்கம் இன்னும் சுருங்கியது. இங்கே மன்னர் எதிர்பார்த்தது கீழ்ப்படிதலை.

டிரிலின் மொழியும் கவனிக்கத்தக்கது. 'அட்டென்ஷன்', 'ஸ்டாண்ட் அட் ஈஸ்', 'ரைட் டர்ன்' ஆகியவையே பல கிராமத்துப் பிள்ளைகள் உடலால் புரிந்துகொண்ட முதல் ஆங்கிலச் சொற்கள். பாடப்புத்தகத்து ஆங்கிலம் நாவில் நிற்பதற்கு முன்பே கட்டளை ஆங்கிலம் முழங்காலுக்குப் புரிந்துவிட்டது. கருவிகளின் கதை இன்னும் விந்தையானது. கர்லாக்கட்டை நம் ஊர் மல்லர்கள் சுற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படை அதிகாரிகள் அதைக் கண்டு வியந்து தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அங்கே இழைத்து, எடை குறைத்து, 'இந்தியன் கிளப்' என்று பெயரிட்டனர். 1904, 1932 ஆகிய ஒலிம்பிக் போட்டிகளில் அதைச் சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. பின்னர் அதே கட்டை ஆங்கிலப் பெயரோடும் எண்ணிக்கைக் கட்டளையோடும் நம் பள்ளிகளுக்குத் திரும்பி வந்தது. ஊர் எல்லையில் கர்லா சுற்றிக்கொண்டிருந்த வாத்தியாரைப் பள்ளி அழைக்கவில்லை. அவர் கட்டையின் பேரப்பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டது.

அக்காலத்து ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர்கள் எல்லோரும் வெறும் கட்டளைக்காரர்கள் அல்லர் என்பதற்கும் சான்று உண்டு. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் தலச்சேரி மிஷன் பள்ளியொன்றில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்பித்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன், ஊருக்கு வந்த விஷ்ணுபந்த் சத்ரேயின் சர்க்கஸைக் கண்டார். 1901இல் அவ்வூரை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்திய சர்க்கஸ் கலைஞர்களில் பெரும்பகுதியினர் நெடுங்காலம் தலச்சேரி வட்டாரத்திலிருந்து வந்ததற்கு அதுவே தொடக்கம். பள்ளி மைதானத்தில் கற்பித்த வித்தை கூடாரத்திற்குப் போனது. பள்ளிக்குள்ளோ ஒற்றை வரிசையும் விசிலும் எஞ்சின.

*

மாற்றம் 1920இல் வருகிறது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் அவ்வாண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்று அது குறிப்பிடப்படுகிறது. பின்னாளில் நந்தனத்தில், அடையாற்றங்கரையில் பரந்த மைதானங்களோடு நிலைபெற்ற கல்லூரி அதுதான். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்குப் பயிற்சியளித்து உடன் சென்றவரும் பக்தான். 1943இல் மறையும்வரை அந்த நிறுவனத்தை நடத்தினார். அங்கே பயின்றவர்கள் மாகாணத்தின் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகச் சென்றார்கள். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் நின்ற இடத்தில் உடற்கூறும் உடல்நலவியலும் ஆட்ட விதிகளும் படித்த ஒருவர் நிற்கத் தொடங்கினார். 'டிரில் மாஸ்டர்' என்ற பெயர் மெல்லப் பழையதாயிற்று.

அவர்கள் கொண்டுவந்தது விளையாட்டு. கூடைப்பந்து 1891இலும் கைப்பந்து 1895இலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்தில் பிறந்தவை. பிறந்து ஒரு தலைமுறைக்குள் அவை நம் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தன. கைப்பந்து இங்கே வேரூன்றிய வேகத்திற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். பன்னிரண்டு பேர் ஆடலாம். தஞ்சாவூரில் தோன்றியதாகச் சொல்லப்படும் பூப்பந்தும் மஞ்சள் கம்பளிப் பந்தோடு பள்ளிகளுக்குள் நுழைந்தது. சடுகுடுவுக்கு அதுவும் வேண்டியதில்லை. கோடு கிழிக்க ஒரு குச்சி போதும்.

டிரிலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு உடலை மட்டும் பொறுத்ததன்று. டிரிலில் முதல் கட்டளை, கையை நீட்டிப் பக்கத்திலுள்ளவனைத் தொடாத அளவுக்கு விலகி நிற்பது. ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்தில் தனியாக நின்று ஆசிரியரை மட்டும் பார்க்கிறான். ஆட்டத்தில் அவன் மற்றப் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். சடுகுடுவில் பார்த்தால் மட்டும் போதாது. தொட வேண்டும், பிடிக்க வேண்டும், கட்டிப் புரள வேண்டும். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பதற்கே எதிர்ப்பு எழுந்த காலம் அது. சேர்த்த பள்ளிகளிலும் தனி மூலை, தனித் தண்ணீர்ப் பானை. அப்படிப்பட்ட சமூகத்தில் ஓர் ஆசிரியர் இரண்டு அணி பிரித்துக் கோடு கிழித்து விசில் ஊதினார் என்றால் அது சிறிய செயலன்று. தொடாதே என்று வீடு சொல்லி அனுப்பிய பிள்ளையிடம், தொட்டால்தான் வெற்றி என்று ஆட்டம் சொன்னது. எல்லாப் பள்ளியிலும் இது நிகழ்ந்தது என்று நாம் கூறவில்லை. அணி பிரிக்கும்போதே சாதி பிரிந்த மைதானங்களும் உண்டு. ஆயினும் அரசுப் பள்ளியின் கால அட்டவணைக்குள் இத்தகைய வாய்ப்பு இருந்த பாடவேளை இது ஒன்றே.

இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. ஊர்ச் சடுகுடுவில் பாடிப் போகிறவன் தன் மூச்சடக்கத்தைக் காட்ட ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு போவான். எதிரணியைக் கிண்டல் செய்யும் பாட்டு, மாமன் மச்சானை இழுக்கும் பாட்டு என்று ஊருக்கு ஊர் அது வேறுபட்டது. மகாராஷ்டிரத்தில் 1920களை ஒட்டி விதிகள் ஒழுங்குபெற்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டல் அந்த ஆட்டத்தை உலகின் முன் ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. விதி ஒன்றானபோது ஆட்டத்துக்குப் பெயரும் ஒன்றாயிற்று. பாடிச் செல்வோன் வாயில் 'கபடி' என்ற ஒற்றைச் சொல்லே நின்றது. விதி இல்லாவிட்டால் ஓரூர் அணி இன்னோர் ஊர் அணியோடு ஆட முடியாது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்குப் போயிருக்கவும் முடியாது. ஆயினும் பள்ளி மைதானத்தில் சடுகுடு கபடியான நாளில் நாட்டார் பாடல் வகையொன்று தன் மேடையை இழந்தது என்பதைத் தமிழ் படித்தவர்களாவது நினைவில் வைக்க வேண்டும்.

அதே 1920இல் இன்னொன்றும் நடந்தது. பிட்டி. தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மாணவர்களுக்கு மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. அத்திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனாலும் ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் இரண்டு பேர் பள்ளிப் பிள்ளையின் உடலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் அது ஆட வேண்டும் என்றார். மற்றவர் அது முதலில் உண்ண வேண்டும் என்றார். இருவரும் சொன்னது ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள் என்று நாம் இன்று படிக்கலாம்.

*

விடுதலைக்கு முன்னும் பின்னும் ஏழைப் பிள்ளையின் உடலைப் பற்றி இன்னொரு பார்வை வலுவாக இருந்தது. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் படிப்பின் மையமாக்கியது. உழைப்பை இழிவாகக் கருதிய சமூகத்தில் உழைப்பைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது அதன் பெருமை. அது திரிந்த வடிவத்தை 1953இல் சென்னை மாநிலம் கண்டது. ராஜாஜி அரசின் தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இந்த விவாதத்தைச் சாதியின் கோணத்தில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். அது சரியான கோணமே. உடற்கல்வியின் கோணத்திலும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வண்ணார் வீட்டுப் பிள்ளை பொதி சுமக்கிறான், உழவர் வீட்டுப் பிள்ளை ஏர் பிடிக்கிறான், இவர்களுக்குத் தனியாக எதற்கு விளையாட்டு என்ற கேள்வி அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. கிராமத்துத் திண்ணைகளில் அது நெடுநாள் ஒலித்தது. உழைக்கும் உடலில் சில தசைகள் மட்டும் இறுகுகின்றன, முதுகு வளைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உழைக்கும் பிள்ளை யாருக்காகவோ இயங்குகிறான். விளையாடும்போது மட்டுமே அவன் உடல் அவனுடையது.

1956இல் தொடங்கிய மதிய உணவும் அதைத் தொடர்ந்து வந்த இலவசச் சீருடையும் மைதானத்தையும் மாற்றின. பட்டினியோடு வரும் பிள்ளையைக் குதிக்கச் சொல்வது கொடுமை என்பதைப் பி.டி. வாத்தியார்கள் அறிந்திருந்தனர். பிற்பகல் பாடவேளையில் மயங்கி விழும் பிள்ளைகள் அவர்களுக்குப் புதியவர்கள் அல்லர். ஊரார் பள்ளிக்குக் கொடை வழங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் காலம் அது. பல ஊர்களில் பள்ளிக்கு மைதானம் கிடைத்தது அப்போதுதான். மேய்ச்சல் நிலத்தின் ஒரு துண்டையோ, கண்மாய்க் கரையோரத்துப் பொட்டலையோ ஊர் விட்டுக்கொடுத்தது.

மைய அரசின் பார்வை வேறாக இருந்தது. புதிய நாட்டுக்குக் கட்டுப்பாடான குடிமக்கள் வேண்டும் என்ற கவலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திட்டங்கள் வந்தன. 1948இல் தேசிய மாணவர் படை; 1954இல், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் உயர்பொறுப்பு வகித்த ஜெ.கே. போன்ஸ்லே முன்னின்று நடத்திய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம்; இவற்றைச் சீர்தூக்கி ஒன்றிணைக்க எச்.என். குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு. அதன் வழியே 1960களின் நடுவில் தேசிய உடல்தகுதிப் படை. பெயர்களைக் கேட்கும்போதே டிரில் வேறு சீருடையில் திரும்பி வருவது புலப்படும். மன்னருக்குக் கீழ்ப்படிந்த வரிசை, குடியரசுக்குக் கீழ்ப்படியும் வரிசையாயிற்று.

அந்த வரிசை எந்த மொழிக்குக் கீழ்ப்படிவது என்ற சிக்கல் தமிழ்நாட்டில் வெடித்தது. 1968 ஜனவரியில் மும்மொழித் திட்டத்தை மறுத்துத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில், தேசிய மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் ஓர் அம்சம். மொழிப்போரை நாம் நூலிலும் மேடையிலும் வைத்தே பேசிப் பழகியிருக்கிறோம். 'சாவ்தான்' என்றால் குதிகால்களைச் சேர்க்க வேண்டிய ஒரு மாணவனின் காலடியிலும் அப்போர் நடந்தது. ஆங்கிலக் கட்டளைக்கு அரை நூற்றாண்டு அசைந்த உடல்கள் இந்திக் கட்டளைக்கு அசைய மறுத்தன. 'நேராக நில்' என்ற தமிழ்க் கட்டளை புத்தகத்தில் இருந்தது. பெரும்பாலான மைதானங்களில் கேட்டதோ 'அட்டென்ஷன்'தான்.

இந்தக் காலகட்டத்தின் அழகிய பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சுதந்திர தினத்துக்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் நடந்த 'மாஸ் டிரில்' அது. டம்பெல்ஸ், கழி, வளையம், மராட்டிய நாட்டு லெசிம், நம் கோலாட்டம் ஆகியவற்றோடு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பறையோசைக்கோ பேண்டு இசைக்கோ ஒன்றாக அசைந்தார்கள். அதில் தேர்வு இல்லை. குட்டையானவனும் ஒல்லியானவனும் கடைசி வரிசையிலாவது நின்றான். தன் உடல் ஒரு பெரிய கோலத்தின் புள்ளி என்ற உணர்வை அது எல்லோருக்கும் தந்தது.

பெண்பிள்ளைகளின் வரலாற்றைத் தனியே எழுத வேண்டும். இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது. பாரதியின் பாப்பா பாட்டு பெண் குழந்தையை விளையாட அழைத்தே தொடங்குகிறது. பூப்படைந்த பிறகு அந்த அழைப்பு நின்றுவிட்டது. பாவாடை தாவணியில் ஓட முடியாது என்பதால் ஓட வேண்டாம் என்று முடிவாயிற்று. ஓடுவதற்கேற்ற உடை தரலாம் என்று தோன்ற நெடுங்காலம் ஆனது. டெனிகாய்ட் என்னும் வளைய ஆட்டமும், சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பரவியதாகச் சொல்லப்படும் எறிபந்தும் 'பெண்களுக்கு ஏற்றவை' என்று ஒதுக்கப்பட்டன. அதிகம் குதிக்காமல், அதிகம் ஓடாமல் ஆடலாம் என்பதே தகுதி. ஆயினும் மாலை நேரத்தில் அந்த வளையத்தைப் பிடிக்கக் கையை உயர்த்திய பல பெண்களுக்கு, வீட்டின் கண்காணிப்பு இல்லாமல் உடலை நீட்டிய இடம் அதுவாக இருந்தது. அவர்களில் சிலர் உடற்கல்வி ஆசிரியைகளாகத் திரும்பி வந்து, அடுத்த தலைமுறைப் பெண்களை ஓடவும் வைத்தார்கள்.

*

1920ஐப் போலவே 1982உம் இரட்டை ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1984இல் 10 முதல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. அதே 1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதையொட்டி மைய அரசில் விளையாட்டுத் துறை உருவானது. 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் வந்தது. தமிழ்நாட்டில் 1992இல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. 1920இல் ஒரே வாக்கியத்தின் பாதிகளாக இருந்த இரண்டும் இம்முறை திசை பிரிந்தன. உணவு எல்லாப் பிள்ளைக்கும் என்றானது. விளையாட்டு, பதக்கம் வாங்கக்கூடிய பிள்ளைக்கு என்றானது. இதை எந்த அரசாணையும் இப்படிச் சொல்லவில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கை விளையாட்டும் உடற்கல்வியும் கற்றலின் பிரிக்க முடியாத பகுதி என்றே சொன்னது. ஆனால் பணமும் பார்வையும் விடுதிகளுக்கும் அரங்குகளுக்கும் தேர்வுகளுக்கும் போயின.

பள்ளிக்குள் இன்னொரு காற்று வீசியது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் அதை நீக்கச் சட்டம் இயற்றும்வரை இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை அது ஆண்டது. மதிப்பெண் ஒன்றே மதிப்பான அக்காலத்தில், பொதுத்தேர்வில் மதிப்பெண் இல்லாத பாடத்தின் கதி என்னவாகும்? கால அட்டவணையில் 'உடற்கல்வி' என்ற கட்டம் அழியவில்லை. அந்தக் கட்டத்துக்குள் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ வந்து நின்றார். போர்ஷன் முடிக்க வேண்டுமல்லவா என்று கேட்டார். அவரையும் குறைசொல்ல முடியாது. அவரிடம் கேட்கப்பட்டது தேர்ச்சி விழுக்காடு.

1990களில் நாங்கள் படித்த பள்ளியில் ஏறத்தாழ எண்ணூறு பேருக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர். காலை இறைவணக்கத்தில் வரிசை ஒழுங்கு, தாமதமாக வருவோரைப் பிடிப்பது, முடி நீண்டவனைத் திருப்பி அனுப்புவது, கல்வி அலுவலகத்துக்குத் தபால் கொண்டுபோவது எல்லாம் அவர் வேலை. எஞ்சிய நேரத்தில் விளையாட்டு. ஆறாம் வகுப்பில் எங்களை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். வேகமாக ஓடிய ஆறு பேரும் உயரமான நான்கு பேரும் அன்றே பிரிக்கப்பட்டனர். குறுவட்டப் போட்டிக்குப் பயிற்சி அவர்களுக்கு. மற்றவர்கள் மைதானத்தில் கல் பொறுக்கினோம், புல் பிடுங்கினோம், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைதட்டினோம். அவர் கொடியவர் அல்லர். இருந்தது ஒரே பந்து. அதையும் செருப்புத் தைப்பவரிடம் தைத்துத் தைத்து வைத்திருந்தார். ஆண்டு முடிவில் அவரிடம் கேட்கப்பட்டது எத்தனை கோப்பை என்பதுதான். எத்தனை பிள்ளைகள் ஓடினார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகளுக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள்'. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகத் தேர்ந்து மேலேறும் அமைப்பு அது. கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அது கல்லூரி இடமும் வேலையும் பெற்றுத் தந்திருக்கிறது. அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும் எல்லாக் குழந்தைக்குமாகப் பாடியவன் பெயரில் நடப்பது சில குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு என்பது, அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் நமக்கு உறுத்துகிறது.

*

நூற்றாண்டு முடிந்த பின்னும் இந்தப் போக்கு தொடர்ந்தது. 2004இல் உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகத்துக்கே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பெயர் அதற்கு மேல் உயர முடியாது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்காக அரசு நடுநிலை வகுப்புகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் உருவாயின. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம். பல்கலைக்கழகம் வரை வளர்ந்த ஒரு துறை, பிள்ளையின் முன்னே அரைநாள் ஆசிரியராக வந்து நின்றது. மைதானங்களும் சுருங்கின. கூடுதல் வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தேவையானவையே. அவை எழும்பிய இடம் பெரும்பாலும் காமராசர் காலத்து ஊரார் விட்டுக்கொடுத்த அந்தத் துண்டு நிலம். வசதியுள்ள பிள்ளை கட்டணம் செலுத்தி நீச்சலும் டென்னிஸும் கற்றுக்கொள்வான். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் தெருதான். தெருவிலும் இப்போது வாகனங்கள்.

இதற்கு எதிராகவும் ஒரு சான்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து மோதி ஒரு காலின் இயக்கத்தை இழந்த சிறுவன் மாரியப்பன் தங்கவேலு. அரசுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். இதைப் பதக்கத்தின் கதையாகவே நாம் கொண்டாடினோம். பதக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்தது ஒன்று இதில் இருக்கிறது. காலில் குறையுள்ள பிள்ளையை மரத்தடியில் உட்காரச் சொல்லாத ஒரு மைதானம் அங்கே இருந்தது. எல்லோரையும் ஆடவிட்டதால்தான் அந்த ஆசிரியரால் அவரைக் காண முடிந்தது. எல்லோருக்குமான விளையாட்டும் வெற்றிக்கான விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடக்கும். தமிழ்த் துறை மாணவர்களில் பாதிப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். ஏனப்பா, ஓடவில்லையா என்றால் ஒரே பதில்: "எங்களுக்கு விளையாட்டு வராதுங்க ஐயா." 'கணக்கு வராது' என்று ஒரு பிள்ளை சொன்னால் யார் கற்பித்தார் என்று கேட்கிறோம். 'விளையாட்டு வராது' என்றால் எவரும் அப்படிக் கேட்பதில்லை. அது அவன் உடம்பின் இயல்பு என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அது ஒரு தீர்ப்பு. ஆறாம் வகுப்பில் ஒருநாள் ஓடவிட்டுப் பார்த்து அவனுக்கு வழங்கப்பட்டது. இருபது வயதில் அதை அவன் தன் வாயாலேயே திருப்பிச் சொல்கிறான். டிரில் மாஸ்டரின் காலத்தில் அவன் விருப்பமின்றியாவது வரிசையில் நின்றிருப்பான். உடற்கல்வியின் காலத்தில் அவனுக்கு வரிசையும் இல்லை.

சென்ற ஆண்டு அந்த மரத்தடி மாணவர்களிடம் கோடு கிழித்து ஒரு கிளித்தட்டு ஆடச் சொன்னோம். விதி மறந்துவிட்டது என்றார்கள். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்திக்கு நினைவிருந்தது, அவள் சொல்லிக்கொடுத்தாள். முக்கால் மணி நேரம் ஆடினார்கள். யாருக்கும் கோப்பை தரவில்லை, எவரும் கேட்கவுமில்லை.